பதினோரு பேருக்கு ஒரே குணம்

தனேஸ்வரி அக்கா செம்பனை எண்ணெய் ஆலையை விட்டு வெளியேறியது 2023ஆம் ஆண்டு மார்ச் 16, வியாழக்கிழமை. காலை பதினொன்றே முக்கால் மணி. அப்பாவின் காரைச் சாலையோரம் நிறுத்திவிட்டு நான் காவலர் கூண்டருகே காத்திருந்தேன். செம்பனைக் குலைகளை ஏற்றிய ஒரு லோரி எடைமேடையில் நின்றது. அதன் பின்னால் ஏழு லோரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அக்காவின் நாற்காலியில் அன்று காலைதான் உட்கார்ந்திருந்த ஆளுக்கு எடைச்சீட்டை அச்சடிக்கத் தெரியவில்லை. பையோடு வெளியே வந்த அக்கா திரும்ப உள்ளே போய் அவருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தாள். பத்தடி நடந்ததும் மறுபடி ஹாரன். மறுபடி உள்ளே போனாள். வேலையை விட்டு அனுப்பப்பட்ட பிறகும் அவள் இரண்டு லோரிகளை எடை போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

பையில் நாற்காலியில் போட்டு உட்காரும் சின்ன மெத்தையும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் இருந்தன. இருபத்திரண்டு வருட வேலையிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போக அவ்வளவுதான் இருந்தது.

வாசலுக்கு வரும் வழியில், லோரிகள் குலைகளைக் கொட்டுகிற மேடை. பழுத்தது எது, காய் எது என்று தரம் பார்ப்பவர் செல்லன் அண்ணன். இரும்புக் கொக்கியால் ஒரு குலையைப் புரட்டிக்கொண்டிருந்தார். அக்கா அவர் அருகில் போய் நின்றாள்.

"செல்லண்ணே, நான் கெளம்புறேன்."

அவர் திரும்பவில்லை. நான் நின்ற இடத்துக்கே அவள் குரல் கேட்டது. ஒரு லோரி குலை கொட்டி முடிக்கும் நேரம் அக்கா அங்கேயே நின்றாள். அவர் அடுத்த குலையைப் புரட்டினார். அதற்கடுத்ததையும் புரட்டினார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"எடுடி காடிய. அந்தாளு ரெண்டாவது லோரிக்கு மொத எடைய அழிச்சிட்டான். சொல்லிட்டு வந்திருக்கணும்."

அக்கா என் பெரியப்பாவின் மூத்த மகள். என்னைவிடப் பதினேழு வயது பெரியவள். நான் ஆறு வருடம் வெளிநாடுகளில் கிடைத்த வேலையைச் செய்து சுற்றிவிட்டு, அந்த பிப்ரவரியில்தான் எங்கள் ஊரான பெஸ்தாரி ஜெயாவுக்குத் திரும்பியிருந்தேன். வந்த முதல் வாரமே அடுத்து எங்கே போகலாம் என்று விமானச் சீட்டு விலைகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். அக்கா எங்கேயும் போனதில்லை. அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தாள். லயத்தை இடித்தபோது தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தாள். மணல் லோரி ஓட்டும் திலீப் அத்தானைக் கட்டினாள். இருபத்து நான்கு வயதில் அந்த ஆலையின் எடைமேடையில் கிராணியாக, கணக்கு எழுதுபவளாக உட்கார்ந்தாள். லோரி உள்ளே வரும்போது ஓர் எடை, குலையைக் கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஓர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவள் வேலை.

ஆனால் ஊரில் அவளுக்கு இருந்த மரியாதை எடைக்காக அல்ல. படிவங்களுக்காக. தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. எழுத்துத் தெரிந்த ஒருவர் எல்லோருக்குமாக எழுதுவார். சேமநிதிப் படிவம், சொக்சோ காப்புறுதி, பள்ளி உதவித்தொகை, பிறப்புப் பத்திரத்தில் பெயர்ப் பிழை, எதுவாக இருந்தாலும் "கிராணியக்காகிட்ட கொடு" என்பார்கள். கொடுத்தவர் எதிரே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். அக்கா விவரம் எதையும் கேட்கவே மாட்டாள். அவர்களுடைய அடையாள அட்டை எண் முதற்கொண்டு அவளுக்கு மனப்பாடம். கையெழுத்துக்கு மட்டும் பேனாவை நீட்டுவாள்.

மனிதர்களையும் அவளுக்கு அப்படித்தான் தெரியும். எடைமேடைக் கண்ணாடி வழியாக இருபத்திரண்டு வருடம் பார்த்தவள். ஒருமுறை ஆலை மேனேஜர், குலை கொட்டும் மேடையில் செல்லன் அண்ணனோடு சிவநேசனையும் சேர்த்துப் போட்டார். சிவநேசனுக்குப் பேசிக்கொண்டிருந்தால்தான் கை ஓடும். செல்லன் அண்ணனுக்குப் பக்கத்தில் ஒருவர் பேசினால் கை நின்றுவிடும். எண்ணிக்கொண்டிருந்த குலைகளை முதலிலிருந்து எண்ணுவார். மூன்று நாளில் லோரிகள் சாலை வரை நின்றன. மேனேஜர் இருவரையும் பார்த்துக் கத்தினார். அக்கா, "லோரி பின்னால வர்றதுக்குக் கை காட்ட ஆள் இல்ல சார்" என்று சிவநேசனை வாசல் பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே ஓட்டுநர்களோடு அவன் நாள் முழுக்கப் பேசினான். காத்திருக்கும் ஓட்டுநர்கள் சண்டை போடுவதை நிறுத்தினார்கள். வரிசை கரைந்தது. தான் என்ன செய்தேன் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே திலீப் அத்தான்தான் சொன்னார்.

அந்த வருடத் தொடக்கத்தில் ஆலை கைமாறியது. புது நிறுவனம் தானியங்கி எடைக் கருவி கொண்டுவரப்போவதாகவும், அலுவலகம், மேடை, சாமான் அறை இவற்றில் இருக்கும் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் போதும் என்றும் பேச்சு வந்தது. அதற்கு முன்னால் வந்தவள் தனுஜா. கிள்ளானைச் சேர்ந்த பெண், இருபத்தேழு வயது, மனிதவளப் பிரிவு. பன்னிரண்டு பேரையும் உட்காரவைத்து, ஒவ்வொருவரின் குணமும் வேலை செய்யும் முறையும் என்ன என்று அறிய ஒரு தேர்வு இருப்பதாகச் சொன்னாள். கைப்பேசியிலேயே நிரப்பலாம். எண்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை. ஒன்று என்றால் 'என்னைப் பற்றி இது சுத்தமாகப் பொருந்தாது'. ஐந்து என்றால் 'முழுக்கப் பொருந்தும்'.

"இது எக்ஸாம் இல்ல. சரி, தப்புன்னு ஒன்னும் கிடையாது. உங்க மனசுல தோன்றதப் போடுங்க," என்றாளாம்.

பிப்ரவரி 26, ஞாயிறு. மதிய உணவு முடிந்ததும் அக்கா வீட்டு வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கின. கூடத்தில் பதினோரு பேர். ஆளுக்கொரு கைப்பேசி. யாரோ ஒரு பெரிய டின் பிஸ்கட் கொண்டுவந்திருந்தார்கள். ஆங்கில வாக்கியங்களை வாசித்துத் தமிழில் சொல்ல என்னை உட்காரவைத்தாள் அக்கா.

"'விருந்துகளில் நான்தான் முதலில் பேச்சைத் தொடங்குவேன்,'" என்று வாசித்தேன்.

சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் மோகனா அக்கா பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "எந்த விருந்து? யாரு கூப்புட்டா நம்பள?"

"கூப்புடாட்டியும் போறவதானே நீ," என்றான் சிவநேசன்.

"நான் போயிட்டு வாய மூடிக்கிட்டு சாப்புடுவேன்லா. ஒன்னமாதிரி மாப்பிள்ளைக்கே புத்தி சொல்ல மாட்டேன்."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றாள் அக்கா. "மூனு போடு. அடுத்தது."

"'தனியாக வேலை செய்யும்போதுதான் நான் நன்றாகச் செய்கிறேன்.'"

சுவரோரம் குந்தியிருந்த செல்லன் அண்ணன் தலையை நிமிர்த்தினார். "ஆமாலா. எனக்கு அஞ்சு போடு."

"அஞ்சு போட்டா நீங்க யார்கூடவும் சேர மாட்டீங்கன்னு அர்த்தம்ணே."

"சேர மாட்டேன்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"அது நமக்குத் தெரியும். கம்பெனிக்காரனுக்கு எதுக்குத் தெரியணும்?" என்றாள் அக்கா. "ரெண்டு."

நான் அப்போது குறுக்கே பேசினேன். "அக்கா, இது பரீட்சை இல்ல. அவங்கவங்க எப்படியோ அப்படியே போடணும். எல்லாருக்கும் நீங்களே போட்டா அர்த்தமே இல்ல."

"கேள்வி கேட்டா அது பரீட்சைதான்டி. கேள்வி கேக்குறான், பதில வாங்குறான், அப்புறம் ஆள கொறைக்கப் போறான். இதுக்கு வேற என்னா பேரு?"

"அதுக்காக எல்லாருக்கும் ஒரே பதிலா?"

"ஒருத்தன் ஒசந்து தெரிஞ்சா இன்னொருத்தன் எறங்கித் தெரிவான். எல்லாரும் ஒன்னா இருந்தா யாரை எடுப்பான், யாரை விடுவான்? எங்கப்பா காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்கு நிக்கும்போது முன் வரிசையிலயும் நிக்க மாட்டாரு, கடைசியிலயும் நிக்க மாட்டாரு. ஆள வேலைக்குப் பிரிக்கிற மண்டோர் கண்ணு நடுவுல விழாது."

அவள் விதி எளிமையானது. ஒன்றும் ஐந்தும் யாருக்கும் கிடையாது. சேர்ந்து வேலை செய்வதைப் பற்றி வந்தால் நான்கு. கோபம், எரிச்சல், சலிப்பு என்று வந்தால் இரண்டு. மற்றதெல்லாம் மூன்று. ஒரு கைப்பேசியில் முடித்ததும் அடுத்ததை வாங்கிக்கொண்டாள். நான்கு மணிக்குள் பதினொன்றும் முடிந்தன. பிஸ்கட்டும் முடிந்தது. போகும்போது செல்லன் அண்ணன், "இந்தம்மா இல்லன்னா நம்ப கதி என்னா," என்று என்னிடம் சொன்னார். அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை என்று அக்கா பிறகு சொன்னாள்.

அவளுடையதை மட்டும் அவள் நிரப்பவில்லை. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று வைத்தாள். மறுநாள் எழுபது லோரிகள் வந்தன. அன்று மாலை ஐந்தோடு தேர்வு மூடிவிட்டது.

புதன்கிழமை தனுஜா அழைத்தாள். நாளைக்கு அலுவலகத்துக்கு வாருங்கள், படிவங்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அக்கா கைப்பேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் யாரிடமும் யோசனை கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று என்னிடம் கேட்டாள்.

"என்னா சொல்றதுடி?"

"உண்மையைச் சொல்லிடுங்க," என்றேன். "அந்தப் பொண்ணுக்கு வேண்டியது உண்மைதான். இவங்களப் பத்தி உங்களவிட யாருக்குத் தெரியும்?"

மூன்று நாடுகளில் இந்த மாதிரித் தேர்வுகளை எழுதியிருந்தேன். எதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை. பிடிக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போகிறவளுக்கு அது ஒன்றும் செய்யாதுதான். அதை நான் அன்று யோசிக்கவில்லை.

அந்த அறையில் நடந்ததை அக்கா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொல்வாள், எங்கே தவறினேன் என்று தேடுகிறவளைப் போல.

தனுஜா கோபப்படவில்லை. மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். பதினோரு வரைபடங்கள், பதினொன்றும் ஒரே வடிவம்.

"அக்கா, பதினோரு பேருக்கும் ஒரே குணம் வந்திருக்கு. ஒலகத்துல எங்கயும் இப்படி வராது."

"நான்தான் போட்டேன்மா."

"ஏன்கா?"

"எல்லாருக்கும் எப்பவும் நான்தான் போடுறது."

அந்தப் பெண் சிரித்துவிட்டாளாம். சிரித்தபோது நல்ல பிள்ளை மாதிரி இருந்தது என்றாள் அக்கா. மீலோ கலந்து கொண்டுவந்து வைத்தாள். மறுபடி தேர்வு வைக்க நேரமில்லை, வெள்ளிக்கிழமைக்குள் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்றாள். "நீங்களே சொல்லுங்க அக்கா. செல்லன் எப்படி? மோகனா எப்படி?"

இருபத்திரண்டு வருடத்தில் அக்காவிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. எத்தனை டன் என்று கேட்டிருக்கிறார்கள். லோரி எண் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அவள் ஒன்றரை மணி நேரம் பேசினாள். தனுஜா தட்டச்சு செய்துகொண்டே இருந்தாள்.

"செல்லண்ணனைத் தனியா விட்டுரணும்மா. பக்கத்துல யாரும் பேசக் கூடாது. மேனேஜரே வந்து நின்னாலும் கொக்கிய தூக்கிக்கிட்டு மொறைப்பாரு. அப்படி விட்டாத்தான் ஒரு காய் உள்ள போகாது. குலை கொண்டார்ற குத்தகைக்காரன் எத்தனை பேரு காயையும் சேத்துக்கச் சொல்லிப் பேசிப் பார்த்தான், ஒருத்தன் பேச்சையும் அவரு கேட்டதில்ல."

"சிவநேசன் வாய் ஓயாது. ஆனா வாசல்ல அவன் இருக்கிற வரைக்கும் டிரைவருங்க அடிச்சிக்க மாட்டாங்க."

"மோகனாகிட்ட ஒரு வேலைய சொன்னா ஒடனே செய்யாது. மூனு தரம் திருப்பிக் கேக்கும். கேட்டுட்டுத்தான் சாமானத் தொடும். அதான் அந்த ரூம்ல ஒரு ஆணி கூட கணக்குத் தப்பினதில்ல."

பதினோரு பேருக்கும் இப்படிச் சொன்னாள். கடைசியில் தனுஜா, "உங்களப் பத்தி?" என்று கேட்டாள்.

"என்னப் பத்தி என்னா இருக்கு. எதையாவது போட்டுக்கமா."

அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. எல்லாரையும் நல்லபடியாகச் சொல்லிவிட்டேன் என்றாள். திலீப் அத்தானுக்கு மீன் பொரித்தாள். எனக்கும் ஒரு துண்டு வைத்தாள்.

மார்ச் 15ஆம் தேதி நான்கு பேருக்குக் கடிதம் வந்தது. செல்லன், சிவநேசன், மோகனா, அக்கா. கடிதத்தோடு ஒரு பக்க மதிப்பீடு, மலாய் மொழியில். மோகனா அக்கா தன்னுடையதை எடுத்துக்கொண்டு, மற்ற இருவரின் தாள்களையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்கு வந்தார். வாசிக்கத் தெரியாமல் அல்ல, வாசித்துவிட்டு. 'அறிவுறுத்தல்களைப் புரிந்துகொள்வதில் தாமதம். மீண்டும் மீண்டும் விளக்கம் தேவை.' சிவநேசனுக்கு: 'வேலை நேரத்தில் பிறர் கவனத்தைச் சிதறடிப்பவர்.' செல்லன் அண்ணனுக்கு மூன்று வரி: 'குழுவாகப் பணியாற்ற இயலாதவர். மேற்பார்வையை ஏற்பதில்லை. வாடிக்கையாளர்களிடம் இணக்கம் இல்லை.'

ஒரு வரி கூடப் பொய் இல்லை. அக்கா அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தாள். தான் சொன்னவைதான் என்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது. ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டாவது பாதி இல்லை.

"நான் இப்படிச் சொல்லலியே மோகனா," என்றாள்.

"நீங்க சொல்லாம அந்தப் பொண்ணுக்கு எப்படிக்கா தெரியும், நான் மூனு தரம் கேப்பேன்னு?"

அக்காவின் மதிப்பீட்டில் ஒரே வரி. 'தேர்வைப் பூர்த்தி செய்யவில்லை. குணநலன் குறித்துத் தகவல் இல்லை.'

செல்லன் அண்ணன் யார் வீட்டுக்கும் வரவில்லை. அலுவலகத்துக்குப் போய், இதை யார் சொன்னது என்று மட்டும் கேட்டிருக்கிறார். தனுஜா மறைக்கவில்லை. 'உங்க கிராணியக்காதான். நீங்க கொக்கிய தூக்கிக்கிட்டு மொறைப்பீங்கன்னு சொன்னாங்க' என்றாளாம். நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். தெரியாத யாரோ சொன்னதாக இருந்தால் அவருக்கு வருத்தமாக இருக்கும் என்று அவள் எண்ணியிருக்கலாம். மறுநாள் காலைதான் அக்கா பையோடு வெளியே வந்தாள். மற்ற மூவருக்கும் மாதக் கடைசி வரை வேலை இருந்தது. கணினியோடு வேலை செய்பவள் என்பதால் அவளை மட்டும் அன்றே அனுப்பினார்கள்.

அக்காவின் கவலை வேலையைப் பற்றியது அல்ல என்று எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. திலீப் அத்தானின் லோரி ஓடிக்கொண்டிருந்தது, சாப்பாட்டுக்குக் குறையில்லை. தனுஜாவிடம் தான் என்ன சொன்னேன் என்பதைச் செல்லன் அண்ணனிடம் தன் வாயால் சொல்லிவிட வேண்டும், அவர் அதை நம்ப வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அவர் கைப்பேசியை எடுக்கவில்லை. ஆலை வீட்டைக் காலி செய்துவிட்டு சுங்கை சோ பக்கம் ஓர் அடுக்குமாடிக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது. மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை அக்காவை அங்கே கூட்டிப்போனேன்.

கதவைத் திறந்தவர் அவர் மனைவி வேலம்மா. ஒரு கணம் தயங்கி, "வாங்கக்கா," என்றார். தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டார். செல்லன் அண்ணன் காவலாளிச் சீருடையில் உட்கார்ந்திருந்தார். ஒரு தாமான் வாசலில் வேலை. மதியம் போக வேண்டும்.

"தனியா இருக்கிற வேலைதான்," என்றார், அக்கா கேட்காமலேயே. "கூண்டுக்குள்ள ஒருத்தன் மட்டும். யார்கூடவும் சேர வேணாம்."

"அண்ணே, நான் ஒங்களப் பத்தி நல்லதுதான் சொன்னேன்."

"காயிதத்துல அப்படி இல்லியே."

"நான் சொன்னது வேற, அந்தப் பொண்ணு எழுதினது வேற. நான் சொன்னேன், தனியா விட்டா…"

"கொக்கிய தூக்கிக்கிட்டு மொறைப்பேன்னு சொன்னியா?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். ஆனா அதுக்கப்புறம்…"

"போதும்." அவர் குரல் உயரவில்லை. "ஞாயித்துக்கிழமை பொய்ய நெரப்பின. அப்ப எனக்கு வேலை இருந்துச்சு. வியாழக்கிழமை உண்மைய சொன்ன. போச்சு. நான் என்னா ஒங்கிட்ட உண்மைய கேட்டேனா?"

வேலம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். அக்கா முழுக்கக் குடித்தாள். குடிக்காமல் எழுந்தால் வேலம்மாவுக்கு வருத்தமாக இருக்கும் என்பதற்காகக் குடித்தாள் என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்ல நினைத்த மற்றப் பாதியை அவள் காரில் கூடச் சொல்லவில்லை.

ரவாங்கில் ஒரு கிடங்கில் ஆள் எடுத்தார்கள். விண்ணப்பத்தை நான் நிரப்பினேன். நேர்காணலுக்கு முந்தைய நாள், 'உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன' என்று கேட்பார்கள், இப்படிச் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். அக்கா தலையாட்டினாள். மறுநாள் அந்தக் கேள்வி வந்தது. 'கணக்கு வரும்' என்று மட்டும் சொன்னாளாம். எதிரே இருந்தவர் காத்திருந்தார். 'அவ்வளவுதான் சார்' என்று எழுந்து வந்துவிட்டாள்.

"சொல்லிக்கொடுத்தேனே அக்கா."

"நீ சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்துச்சு. வாயில வந்துச்சு. அத அந்தாளு எழுதப் பேனாவ எடுத்தான். அவ்வளவுதான், எந்திரிச்சி வந்துட்டேன்."

பிறகு கோலசிலாங்கூரில், மின்மினி பார்க்க வருகிறவர்கள் தங்கும் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் வேலை கிடைத்தது. அதற்குப் படிவம் இல்லை. காலையில் வேன் வந்து ஏற்றிப்போகும், மாலையில் இறக்கிவிடும். இயந்திரத்தில் போடுவது, எடுப்பது, காயவைப்பது. கூட வேலை செய்கிற இரண்டு இந்தோனேசியப் பெண்களைப் பற்றி ஒருநாள் கேட்டேன், எப்படிப்பட்டவர்கள் என்று. முன்பென்றால் ஒரு வாரத்தில் அவர்கள் ஜாதகத்தையே சொல்லியிருப்பாள்.

"தெரியலடி," என்றாள்.

தாமானிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டு விமலா தன் தம்பிக்குப் பார்த்த பெண் அக்காவுக்குத் தெரிந்த குடும்பம். பெண் எப்படி என்று கேட்க வந்தாள். அக்கா அந்தக் குடும்பத்தைப் பத்து வருடமாக அறிவாள். "எனக்கு அவ்வளவா பழக்கம் இல்லமா," என்று சொல்லி அனுப்பினாள். யாரைப் பற்றியும் நல்லதும் சொல்வதில்லை, கெட்டதும் சொல்வதில்லை. படிவங்களும் வருவதில்லை. மோகனா அக்கா கடைத்தெருவில் பார்த்தால் சிரிப்பார். சேமநிதி வேலைக்கு நகல் எடுக்கும் கடைக்குப் போகிறார். ஒரு தாளுக்கு இரண்டு வெள்ளி வாங்கிக்கொண்டு அந்தக் கடைக்காரர் நிரப்பித் தருகிறார். செல்லன் அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு ஆலையில் வேலை பார்த்த எல்லோருக்கும் பத்திரிகை வந்தது. அக்காவுக்கு வரவில்லை. திலீப் அத்தான் அதைப் பற்றிப் பேசப்போக, அவள் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள்.

எட்டுப் பேரை வைத்து ஆலை ஓடுகிறது. தானியங்கி எடைக் கருவி வந்துவிட்டது. தரம் பார்க்க ஒரு கேமரா. ஒருநாள் அந்த வழியாகப் போனபோது லோரிகள் சாலை வரை நின்றிருந்தன. அதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன். "மழ நாளா இருக்கும்," என்றாள். அன்று மழை இல்லை.

நான் 2024இல் மறுபடி புறப்பட்டேன். ஒன்றரை வருடம். எங்கே போனாலும் வேலைக்குச் சேரும்போது யாராவது அந்தக் கேள்விகளை நீட்டினார்கள். நான் எல்லாவற்றுக்கும் மூன்று போட ஆரம்பித்திருந்தேன். சில இடங்களில் எடுத்துக்கொண்டார்கள், சில இடங்களில் இல்லை. திரும்பி வந்தபோது அக்காவின் விரல் நுனிகள் சலவைத்தூளில் வெளுத்துத் தோலுரிந்திருந்தன. என்னைப் பார்த்து, இளைத்துவிட்டாய் என்றாள். நான் எப்படி இருக்கிறேன் என்று அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சின்ன வயதில் என்னைப் பார்த்து, இவ கால் ஒரு எடத்துல நிக்காது என்று முதலில் சொன்னவள் அவள்தான்.

கடந்த நவம்பர் 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. இரண்டரை வருடத்துக்குப் பிறகு செல்லன் அண்ணன் எண்ணிலிருந்து வந்த முதல் செய்தி. அக்கா ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அதை எனக்கு அனுப்பிவைத்தாள். எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"அக்கா நான் வேலம்மா. இவருக்குக் காவல் வேல போன மாசம் நின்னு போச்சு. தஞ்சோங் காராங் பக்கம் ஒரு செம்பனைக் கன்னுப் பண்ணையில ஆள் கேக்குறாங்க. இவரோட வேல செஞ்ச ஒருத்தர் இவரு எப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணுமாம். வேற யாரும் இல்ல. ஒங்களையே கேக்கச் சொன்னாரு. முன்ன எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டீங்களே, அதையே போட்டுருங்களாம். இவரப் பத்தி ஒங்களுக்குத் தெரிஞ்சது எதையும் எழுத வேணாமாம்."